படுக்கைக்குக் காப்பீடு உண்டு, இன்சுலினுக்கு இல்லை

டைப் 1 சர்க்கரை நோயுடன் எங்கள் பிரிவுக்கு வரும் இளைஞர்கள் தங்கள் குறிப்பேட்டை மேசைமீது வைத்ததும், எங்கள் கண்கள் முதலில் தேடுவது காலியாக விடப்பட்ட கட்டங்களைத்தான். மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில் நாளொன்றுக்கு நான்கு அளவுகள் எழுதப்பட்டிருக்கும். மூன்றாவது வாரத்தில் அவை இரண்டாகக் குறையும். கடைசி நாள்களில் பக்கம் வெறுமையாகவே இருக்கும். காரணம் கேட்டால் பிள்ளைகள் தலைகுனிந்து சிரிப்பார்கள். உடன் வந்த தாயார்தான் பதில் சொல்வார்: "ஸ்ட்ரிப் தீர்ந்துபோச்சு டாக்டர், சம்பளம் வந்ததும் வாங்கணும்." அந்த வெற்றுக் கட்டங்களை அலட்சியம் என்று எண்ணி நாங்களும் பல ஆண்டுகள் கண்டித்திருக்கிறோம். அது தவறு என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

டைப் 1 நோயில் கணையம் இன்சுலினைச் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. பெரும்பாலும் சிறு வயதிலோ இளமையிலோ தொடங்கும் இந்நோய்க்கு ஆயுள் முழுவதும் இன்சுலின் ஊசி வேண்டும். மாத்திரைகள் அதற்கு ஈடாகா. நாளுக்கு நான்கு முறை சோதித்தால் மாதத்துக்கு 120 ஸ்ட்ரிப்கள். ஊசிகள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி பரிசோதனை, ஆண்டுக்கு ஒருமுறை கண், சிறுநீரகப் பரிசோதனைகள் ஆகியவையும் தேவை. இவற்றுள் எதற்கும் மருத்துவமனையில் படுக்க வேண்டியதில்லை. சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

24 வயது இளைஞர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வேலைக்குச் சேர்ந்தபோது அவர் ஈஎஸ்ஐ திட்டத்தில் இருந்தார். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த அத்திட்டம் புறநோயாளிச் சிகிச்சையையும் மருந்துகளையும் உள்ளடக்கியது. தம் பகுதி மருந்தகத்திலிருந்தே அவர் இன்சுலின் பெற்று வந்தார். சம்பளம் 23,000 ரூபாயாக உயர்ந்தது. ஈஎஸ்ஐ வரம்பு 21,000 ரூபாய் என்பதால், நடப்புப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் அவர் அதிலிருந்து வெளியேற நேர்ந்தது. ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய் என்பதால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் இடமில்லை. நிறுவனம் குழுக் காப்பீடு எடுத்துக் கொடுத்தது. வீட்டில் அதை முன்னேற்றம் என்றே கருதினார்கள்.

ஆறு மாதங்களுக்குப் பிறகு, வாந்தியும் மூச்சிரைப்புமாக அவரை அவசரப் பிரிவுக்குத் தூக்கி வந்தார்கள். மாதக் கடைசியில் இன்சுலினைப் பாதி அளவாகக் குறைத்துப் போட்டிருக்கிறார், விளைவு, கீட்டோஅசிடோசிஸ். நான்கு நாள் தீவிரச் சிகிச்சைக்கான கட்டணத்தில் மிகப் பெரும்பகுதியைக் காப்பீட்டு நிறுவனம் செலுத்தியது. வீடு திரும்பிய பின் 60 நாள்களுக்கான மருந்துச் செலவையும் அதே பாலிசி ஏற்றது. 61ஆம் நாள் முதல் எல்லாம் கைக்காசு. இதை விளக்கியபோது அவருடைய தாயார் எங்களிடம் கேட்டார்: "அப்ப, இன்சுலின் வேணும்னா இவன் மறுபடியும் மயங்கி விழணுமா டாக்டர்?"

அந்த அம்மையாருக்குச் சொல்ல எங்களிடம் பதில் இருக்கவில்லை. இன்றைய பாலிசிகளின் அமைப்புப்படி அவர் கேட்டது சரியான கேள்வியே.

அண்மை ஆண்டுகளில் சட்டமும் விதிகளும் நோயாளிக்குச் சாதகமாக நகர்ந்துள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பை இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையம் 2024இல் 48 மாதங்களிலிருந்து 36 மாதங்களாகக் குறைத்தது. ஐந்து ஆண்டுகள் இடைவிடாமல் பிரீமியம் செலுத்திய ஒருவரின் கோரிக்கையை, மோசடி நிரூபிக்கப்பட்டால் ஒழிய, பழைய தகவலைக் காரணம் காட்டி மறுக்க இயலாது. முன்பு இதற்கு எட்டு ஆண்டுகள் தேவைப்பட்டன. தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீடுகளின் மீதிருந்த 18 விழுக்காடு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. குழுக் காப்பீட்டுக்கு அந்த விலக்கு இல்லை. பிரீமியத்துக்கான 80டி வருமான வரிச் சலுகையும் புதிய வரிமுறையில் கிடையாது. வேலைக்குச் சேரும் இளைஞர்களில் பலர் அந்த முறையில்தான் இருக்கிறார்கள். ஒரு கை கொடுத்ததை மறு கை எடுத்துக்கொள்வது நம் வரிச் சட்டங்களின் பழைய பழக்கம்.

இவை அனைத்தும் பிரீமியத்தையும் கோரிக்கை உரிமையையும் பற்றியவை. காப்பீடு எதற்குப் பணம் தரும் என்ற அடிப்படைக் கேள்வியை இவை தொடவில்லை. ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆணைப்படி 2020 முதல் விற்கப்படும் 'ஆரோக்கிய சஞ்சீவனி' என்ற பொதுப் பாலிசியும் மருத்துவமனைச் சேர்க்கையை மையமாகக் கொண்டதே. சேர்க்கைக்கு முன் 30 நாள், பின் 60 நாள் செலவு அதில் அடங்கும். தேசிய சுகாதாரக் கணக்கின்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து நேரடியாகச் செலுத்தும் பங்கு 2013-14இல் 64.2 விழுக்காடாக இருந்து 2021-22இல் 39.4 விழுக்காடாகக் குறைந்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் நாள்தோறும் மருந்து வாங்கும் இளைஞருக்குக் காப்பீட்டின் வழியாக அந்த மாற்றம் வந்து சேரவில்லை என்பதை எங்கள் புறநோயாளிப் பிரிவில் தினமும் காண்கிறோம்.

அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுச் சட்டம், பிள்ளைகள் 26 வயது வரை பெற்றோரின் காப்பீட்டில் தொடர வழி செய்தது. 2019இல் கொலராடோ மாநிலம், காப்பீடு உள்ளவர் இன்சுலினுக்குத் தம் பங்காகச் செலுத்தும் தொகைக்கு மாதம் 100 டாலர் என உச்சவரம்பு விதித்தது. அங்குள்ள இன்சுலின் விலையோடு ஒப்பிட்டால் நம் நாட்டு விலை மிகக் குறைவு. எனினும் நோயாளியின் பங்குக்கு வரம்பு விதிக்க வேண்டுமானால், முதலில் காப்பீடு ஒரு பங்கையாவது ஏற்றாக வேண்டும். நம்மிடம் அந்த முதற்படியே இல்லை. இங்கும் பெரும்பாலான குடும்பப் பாலிசிகளில் பிள்ளைகளுக்கு 25 வயது வரைதான் இடம். அதன்பின் டைப் 1 நோயுடன் தனியாகப் பாலிசி கேட்கும் இளைஞர் மறுப்பையோ கூடுதல் பிரீமியத்தையோ சந்திக்கிறார்.

சட்டத்தால் இதை மாற்ற இயலும் என்று நாங்கள் நம்புவதற்கு உள்நாட்டிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு உண்டோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் வழங்கப்பட வேண்டும் என்கிறது. சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் 2022 அக்டோபர் மாத இறுதிக்குள் எல்லாப் பாலிசிகளும் இதற்கு இணங்க வேண்டும் என்று ஆணையம் மீண்டும் கெடு விதிக்க நேர்ந்தது. சட்டம் இயற்றியபின் அதை விடாமல் துரத்தவும் வேண்டும் என்பதற்கு அந்த நான்கு ஆண்டுகள் சாட்சி.

எங்கள் கோரிக்கை குறுகியது. இளமையில் தொடங்கி வாழ்நாள் முழுவதும் நீடிக்கும், மருந்தை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகும் நோய்களுக்கு, அடிப்படைப் பாலிசியிலேயே புறநோயாளி மருந்துகளும் பரிசோதனைப் பொருள்களும் அடங்க வேண்டும் எனச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். டைப் 1 சர்க்கரை நோயிலிருந்து தொடங்கலாம். ஈஎஸ்ஐ வரம்பைக் கடப்பவர் அங்கே பெற்றுவந்த தொடர் மருந்தை இழக்காதபடி ஒரு பாலமும் வேண்டும்.

இதற்கு எழும் மறுப்புகளை நாங்கள் அறியாமல் இல்லை. பிரீமியம் உயரும் என்பார்கள். ஓரளவு உயரவே செய்யும். ஆனால் டைப் 1 நோயாளிகள் சர்க்கரை நோயாளிகளில் சிறு பகுதியினரே. அந்தச் சுமை அனைவர்மீதும் பகிரப்படுவதுதான் காப்பீட்டின் பொருள். மேலும், அந்த இளைஞரின் நான்கு நாள் தீவிரச் சிகிச்சைக்குச் செலவிட்டதும் அதே நிறுவனம்தான். புறநோயாளி ரசீதுகளில் போலிகள் பெருகும் என்ற அச்சம் இதைவிட நியாயமானது. மருத்துவர்களாகிய எங்கள் துறையிலும் அதற்குத் துணைபோவோர் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் இன்சுலின் அளவு மருந்துச்சீட்டிலேயே இருக்கிறது. எத்தனை யூனிட், எத்தனை ஸ்ட்ரிப் என்று கணக்கிட ஒரு கூட்டல் போதும். காய்ச்சல், தலைவலிக்கான ரசீதுகளைவிட இதைச் சரிபார்ப்பது எளிது.

சட்டம் வரும்வரை குடும்பங்கள் சில செய்திகளை அறிந்திருப்பது நல்லது. பாலிசி எடுக்கும்போது நோயை மறைக்காதீர்கள். "சொன்னால் தரமாட்டார்கள்" என்று முகவரே சொன்னாலும் மறைக்காதீர்கள். பின்னர் கோரிக்கை மறுக்கப்படுவதற்கு அதுவே முதற்காரணமாகிறது. வேலையை விடும் இளைஞர்கள், குழுக் காப்பீட்டிலிருந்து அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற வழியுண்டு என்பதை நினைவில் கொள்ளுங்கள். குழுவில் கழித்த காலம் காத்திருப்புக் காலத்தில் கணக்கில் கொள்ளப்படும். பணிவிலகல் கடிதம் கொடுப்பதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். கோரிக்கை மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்திடம் எழுத்துமூலம் முறையிடுங்கள். அங்கே தீர்வு கிடைக்காவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அதற்குக் கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை.

அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கிறது. வேலைநாளில் விடுப்பெடுத்து வரிசையில் நிற்பதில் உள்ள சிரமம் எங்களுக்குத் தெரியும். வீட்டில் சோதிக்கும் ஸ்ட்ரிப்களும் அங்கே எங்கும் சீராகக் கிடைப்பதில்லை. இருந்தாலும், கையில் பணமில்லாத வாரத்தில் அளவைப் பாதியாக்குவதைவிட அந்த வரிசையே மேல். அளவைக் குறைக்கும் நிலை வந்தால் வெட்கப்படாமல் முன்கூட்டியே எங்களிடம் சொல்லுங்கள். செலவு குறைந்த இன்சுலினுக்குப் பாதுகாப்பாக மாற்றித் தர இயலும்.

அடுத்த முறை வரும்போது சர்க்கரைக் குறிப்பேட்டுடன் உங்கள் பாலிசியின் நகலையும் கொண்டுவாருங்கள். வெற்றுக் கட்டங்களை நிரப்பி எழுதி வர வேண்டாம். அவை இருக்கிறபடியே இருக்கட்டும்.