மாடிப்படியும் மனித முதுகும்

சமதரையில் பாரங்களை நகர்த்தும் பிரச்சினையைச் சக்கரம் சுமார் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தீர்த்து வைத்துவிட்டது. ஆயினும், மாடிப்படியின் முதற்படியை அடைந்ததும் சாதாரணச் சக்கரம் பயனற்றதாகிவிடுகிறது. அவ்விடத்திலிருந்து பாரத்தை மேலே கொண்டுசெல்பவை இந்நாட்டில் இன்றும் பெரும்பாலும் மனிதனுடைய தலையும் தோளும் முதுகுமே ஆகும். மூன்று அல்லது நான்கு மாடிகளைக் கொண்ட பழைய அலுவலகங்களிலும், பள்ளிகளிலும், குடியிருப்புகளிலும் மின்தூக்கி இல்லாமை சாதாரணம். இரும்பு அலமாரியையோ நகலெடுக்கும் யந்திரத்தையோ நாலைந்து பேர் கூடிக் கயிறு கட்டி, ஒருவர் மேலிருந்து இழுக்க மற்றவர் கீழிருந்து தாங்க, படிப்படியாக ஏற்றும் காட்சி அங்கெல்லாம் அடிக்கடி காணக்கூடியது. பாரம் மேலே சேர்ந்துவிட்டால் வேலை நன்கு முடிந்ததென்று எல்லோரும் திருப்தியடைகின்றனர். கீழிருந்து தாங்கியவருடைய இடுப்பு என்னவாயிற்று என்பதை எவரும் குறித்துவைப்பதில்லை.

மின்விசையால் படியேறும் கைவண்டி இக்குறையை நீக்கவல்ல சாதனம். பிற நாடுகளில் பல ஆண்டுகளாக வழக்கிலுள்ள இச்சாதனம் இப்போது இந்நாட்டிலும் கிடைக்கிறது. ஆனால் அதை வாங்கி வைத்தால் மட்டும் போதும் என்று எண்ணுவது பெருந்தவறு. பாரத்தின் எடையையும் படியின் அளவையும் அறியாதவர் கையில், முதுகைக் காப்பதற்கென வந்த யந்திரம் உயிருக்கே அபாயமாக மாறக்கூடும். யந்திரமும் அறிவும் சேர்ந்தே வரவேண்டும் என்பதே இங்கு வற்புறுத்தத்தக்கது.

பாரத்தின் அளவு

அன்றாடம் மாடியேறும் பொருள்களின் எடையை முதலில் நோக்குவோம். வீட்டு உபயோகத்திற்கான சமையல் எரிவாயு உருளையில் 14.2 கிலோகிராம் வாயு உள்ளது. உருளையின் எடையையும் சேர்த்தால் ஏறக்குறைய 30 கிலோகிராம் ஆகும். ஒரு சிமெண்டு மூட்டையின் எடை 50 கிலோகிராம். பெரிய இன்வெர்ட்டர் பாட்டரி ஒன்று அமிலத்துடன் 50 கிலோகிராமுக்குக் குறைவதில்லை. மருத்துவமனைகளில் பயன்படும், சுமார் 7 கன மீட்டர் வாயு கொள்ளும் பெரிய பிராணவாயு உருளை 60 கிலோகிராமுக்கு மேற்பட்டது. ஏடுகள் நிறைந்த இரும்பு அலமாரியின் எடையை எவரும் நிறுத்துப் பார்ப்பதே இல்லை.

இவற்றை மனிதன் தூக்கக்கூடிய அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். அமெரிக்க நாட்டின் தேசியத் தொழிற்பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் 1991-ஆம் ஆண்டில் திருத்தியமைத்த சூத்திரத்தின்படி, மிகச் சாதகமான நிலையில், சமதரையில், இரு கைகளாலும் தூக்கத்தக்க எடை 23 கிலோகிராமே. உடலிலிருந்து பாரம் விலகினாலோ, உடல் முறுக்கித் திரும்பினாலோ அவ்வளவும் குறைந்துகொண்டே போகும். மாடிப்படியோ அச்சூத்திரம் கருதும் சாதகமான இடமே அன்று. சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1967-ஆம் ஆண்டில் பாரங்களின் உச்ச எடை பற்றிய 127-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. அதனுடன் வெளியிடப்பட்ட 128-ஆம் பரிந்துரை, வயது வந்த ஆண் தொழிலாளி சுமக்கும் எடை 55 கிலோகிராமுக்கு மேற்பட்டிருக்குமாயின் அதை விரைவில் குறைக்க நடவடிக்கை எடுக்கவேண்டும் எனக் கூறுகிறது. இந்தியா இவ்வுடன்படிக்கையை 2010-ஆம் ஆண்டில் ஏற்றது. அதற்கு முன்னரே, 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 34-ஆம் பிரிவில், காயம் விளைவிக்கக்கூடிய அளவு கனமான பாரத்தை எவரையும் தூக்கவோ சுமக்கவோ செய்தலாகாது என விதித்திருந்தது. நெறிகளுக்குக் குறைவில்லை. குறைவு யாதெனில், தொழிற்சாலையின் வாயிலைத் தாண்டி அந்நெறி அலுவலகத்தின் படிக்கட்டிற்கும் பள்ளியின் படிக்கட்டிற்கும் வந்து சேராமையே ஆகும்.

யந்திரத்தின் இயல்பு

படியேறும் கைவண்டி பார்வைக்குச் சாதாரண இருசக்கரக் கைவண்டியைப் போன்றதே. அதன் சட்டத்தில் ஒரு மோட்டாரும், மின்னூட்டக்கூடிய பாட்டரியும், படியேறுவதற்கான அமைப்பும் பொருத்தப்பட்டிருக்கும். அவ்வமைப்பு பலவகைப்படும். சிலவற்றில் கால் போன்ற ஒரு தாங்கி படியின்மீது ஊன்றி, வண்டி முழுவதையும் மேலே உயர்த்தி, சக்கரங்களை அடுத்த படியில் இறக்கும். சிலவற்றில் மும்முனையாக அமைந்த சிறு சக்கரங்கள் சுழன்று படிக்குப் படி தாவும். இன்னும் சிலவற்றில் ரப்பர்ப் பட்டை படிகளின் விளிம்புகளைப் பற்றி ஊர்ந்து செல்லும். இவ்வண்டிகள் வகைக்கேற்ப 100 கிலோகிராம் முதல் 300 கிலோகிராமுக்கு மேலும் ஏற்றவல்லவை.

இதில் மந்திரம் ஏதுமில்லை. எளிய கணக்கே உள்ளது. 60 கிலோகிராம் எடையுள்ள தொழிலாளி 50 கிலோகிராம் மூட்டையுடன் 3 மீட்டர் உயரம் ஏறும்போது செய்யும் வேலை 110 × 9.8 × 3, அதாவது 3,234 ஜூல். இதில் மூட்டையை உயர்த்தியது 1,470 ஜூல் மட்டுமே. எஞ்சியது தம் உடலையே உயர்த்துவதற்குச் செலவாயிற்று. இனி, 150 கிலோகிராம் பாரத்தை 50 கிலோகிராம் எடையுள்ள வண்டி, 15 சென்டிமீட்டர் உயரமுள்ள 20 படிகளில், நிமிடத்திற்கு 10 படிகளாக ஏற்றுவதாகக் கொள்வோம். வேலை 5,880 ஜூல். காலம் 120 விநாடி. ஆகவே சராசரித் திறன் 49 வாட். உராய்வு முதலிய இழப்புகளுக்காக இதை இருமடங்காக்கினாலும் 100 வாட்டைத் தாண்டாது. கூரையில் சுழலும் இரண்டு பழைய மின்விசிறிகள் செலவிடும் மின்சாரத்தைவிட இது மிகுதியன்று. மூன்று மூட்டைகளின் எடையை மாடியேற்ற இவ்வளவு சிறிய சக்தி போதும் என்பதை அறிந்தபின், அதே வேலைக்கு மனிதனுடைய முதுகெலும்பைப் பணயம் வைப்பது நியாயமாகுமா?

அபாயம் எங்குள்ளது?

தூக்கும் பொறுப்பை மோட்டார் ஏற்கிறது. சமநிலையைக் காக்கும் பொறுப்போ பலவகைகளில் இயக்குபவரிடமே இருக்கிறது. வண்டியைப் பின்னோக்கிச் சாய்க்கும்போது, பாரத்தின் புவியீர்ப்பு மையம் சக்கர அச்சிற்கு நேர்மேலே வந்துவிட்டால் கைகளில் எடையே தோன்றாது. அம்மையம் விலகினால் நிலைமை மாறும். வண்டியும் பாரமும் சேர்ந்து 200 கிலோகிராம், கைப்பிடி அச்சிலிருந்து 140 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளது எனக் கொள்வோம். மையம் 10 சென்டிமீட்டர் விலகினால் கைகள் தாங்கவேண்டியது சுமார் 14 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை. அதை ஒருவர் தாங்கலாம். 40 சென்டிமீட்டர் விலகினாலோ அவ்விசை 57 கிலோகிராம் எடைக்குச் சமமாகும். படியில் நின்றுகொண்டு அதைத் தாங்குவது எளிதன்று. யந்திரம் பழுதடையாமலே விபத்து நேரக்கூடிய இடம் இதுவே.

ஆகவே, வண்டியின் தகட்டில் 200 கிலோகிராம் என்று பொறித்திருப்பதால் 200 கிலோகிராம் எடையுள்ள எப்பொருளையும் ஏற்றலாம் என்று கொள்ளலாகாது. உயரமான பொருளா, உள்ளே அசையக்கூடிய பொருளா, ஒரு பக்கம் மட்டும் கனமானதா என்பதையும் பார்க்கவேண்டும். அலமாரியின் இழுப்பறைகளை வெளியே எடுத்துவிடுதல் வேண்டும். பாரத்தை வாரினால் சட்டத்தோடு இறுகப் பிணைத்தல் வேண்டும். வாயு உருளையின் வால்வுக்கு மூடி அணிவிக்காமல் அதை நகர்த்தலாகாது. அமில பாட்டரியை அதிகமாகச் சாய்த்தலும் ஆகாது.

பாரத்தைப் போலவே படியும் ஆராயத்தக்கது. தேசியக் கட்டிட நெறித்தொகுப்பு படியின் உயரம் குடியிருப்புகளில் 19 சென்டிமீட்டருக்கும், பிற கட்டிடங்களில் 15 சென்டிமீட்டருக்கும் மேற்படலாகாது என்கிறது. பழைய கட்டிடங்கள் இவ்வளவுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. ஒவ்வொரு வண்டிக்கும் அது ஏறக்கூடிய படியின் உச்ச உயரம் ஒன்று உண்டு. தேய்ந்த விளிம்பு, ஆடும் கல், மழைநீர், எண்ணெய்ப் பசை, விசிறிபோல் விரியும் திருப்பப்படி, வண்டி திரும்ப இடமில்லாத குறுகிய மேடை ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் முதலில் அதைச் சரிசெய்யவேண்டும். இயலாவிடில் அப்படிக்கட்டில் வண்டியை ஏற்றாதிருத்தலே அறிவு.

இவ்வகைக் கைவண்டிகளில் இயக்குபவர் பாரத்திற்கு மேற்பக்கத்துப் படியில் நிற்பார்; ஏறும்போது பின்னோக்கி நடப்பார். பாரத்திற்குக் கீழே எவரும் நிற்கலாகாது. இவ்விதி எளியதாயினும் அடிக்கடி மீறப்படுவது இதுவே. பழக்கத்தின் காரணமாக யாரேனும் ஒருவர் கீழிருந்து “ஒரு கை கொடுக்க” வந்துவிடுகிறார். பாரம் நழுவினால் அந்தக் கை அதைத் தடுத்து நிறுத்தாது. அவரையும் சேர்த்துக் கொண்டுபோகும். கீழே எவரும் வாராமல் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒருவரை நிறுத்துதல் நலம். புறப்படுமுன் பாட்டரியின் மின்னூட்டத்தையும் பிரேக்கையும் சோதித்தல், வெறும் வண்டியை ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்தல், இறங்கும்போது ஏறுவதைவிட மெதுவாகச் செல்லுதல் ஆகியவையும் இன்றியமையாதன.

எதிர்வாதங்கள்

இச்சாதனத்திற்கு எதிராகக் கூறப்படுவன இரண்டு. இந்நாட்டில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை, விலையுயர்ந்த யந்திரம் எதற்கு என்பது ஒன்று. யந்திரம் சுமை தூக்குவோரின் பிழைப்பைக் கெடுக்கும் என்பது மற்றொன்று.

முதல் வாதம் செலவைத் தவறாகக் கணக்கிடுகிறது. நான்கு ஆட்களின் ஒருநாட் கூலி மட்டும் அதில் எழுதப்படுகிறது. முதுகு பழுதுபட்டு வேலையிழந்தவருடைய வருமானமும், மருத்துவச் செலவும், அவர் குடும்பத்தின் துன்பமும் வேறு ஒருவர் கணக்கில் சேர்ந்துவிடுவதால் கூலி மலிவாகத் தோன்றுகிறது. மேலும், ஒவ்வொரு அலுவலகமும் தனக்கென ஒரு வண்டி வாங்கவேண்டிய அவசியமில்லை. ஒரு வளாகத்திலுள்ள பல அலுவலகங்கள், அல்லது ஒரு வட்டாரத்துப் பள்ளிகள் சேர்ந்து ஒரு வண்டியைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் வாதம் அலட்சியப்படுத்தத்தக்கதன்று. மகாராஷ்டிர மாநிலம் 1969-ஆம் ஆண்டில் மாத்தாடி, ஹமால் முதலிய உடலுழைப்புத் தொழிலாளருக்கெனத் தனிச் சட்டம் இயற்றி, அவர்களுடைய கூலிக்கும் நலனுக்கும் வழி செய்தது. சுமை தூக்குதல் பல குடும்பங்களின் வாழ்வு என்பதை அச்சட்டமே காட்டும். ஆனால் சட்டம் கூலியை உயர்த்தலாம். முதுகெலும்பின் வலிமையை உயர்த்த இயலாது. சுமை தூக்குவோரை விலக்கிவிட்டு யந்திரத்தை மற்றொருவரிடம் ஒப்படைப்பதே தவறு. எடையை மதிப்பிடுவதிலும், சாய்வை உணர்வதிலும், திருப்பத்தில் பாரத்தைத் திருப்புவதிலும் அவர்களுக்குள்ள அனுபவம் வேறு எவருக்கும் இல்லை. அவர்களையே பயிற்றுவித்து இயக்குநர்களாக்கினால் பிழைப்பும் நிலைக்கும், உடலும் நிலைக்கும்.

செய்யவேண்டியவை

முதலாவதாக, கனமான ஒவ்வொரு பொருளின்மீதும் அதன் எடை எழுதப்படவேண்டும். கப்பலில் ஏற்றப்படும், ஆயிரம் கிலோகிராமும் அதற்கு மேலுமான ஒவ்வொரு பொதியின்மீதும் எடையைக் குறிக்கவேண்டும் எனச் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1929-ஆம் ஆண்டில் உடன்படிக்கை செய்தது. இந்தியா அதை 1931-ஆம் ஆண்டில் ஏற்றது. பாரந்தூக்கி யந்திரத்தை இயக்குபவர் எடையை ஊகிக்கலாகாது என்பதே அதன் கருத்து. துறைமுகத்திற்குப் பொருந்தும் அந்நியாயம் அலுவலக மாடிப்படிக்கும் பொருந்தும். அலமாரியின் பக்கத்தில் வண்ணத்தால் ஓர் எண் எழுதுவதற்குச் செலவு ஏது?

இரண்டாவதாக, வண்டி வேண்டுமென எழுதும் அலுவலர் ஏற்றவேண்டிய எடையை மட்டும் குறிப்பிட்டால் போதாது. படியின் உயரம், அகலம், மேடையின் அளவு, மிக உயரமான பொருளின் அளவு ஆகியவற்றை அளந்து குறிப்பிடவேண்டும். விலையை மட்டும் பார்த்து வாங்கிய வண்டி முதல் திருப்பத்திலேயே சிக்கி, பின்னர் கிடங்கின் மூலையில் தூசி படிந்து கிடக்கும்.

மூன்றாவதாக, இயக்கும் முறை பற்றிய கையேடு இயக்குபவர் படிக்கும் மொழியில் இருத்தல் வேண்டும். அயல்மொழியில் அச்சிட்ட கையேடு அலுவலரின் மேசையறையில் பத்திரமாக இருப்பதால் எவருடைய கால் விரலும் காப்பாற்றப்படாது. ஒரு பக்கத்தில் அடங்கும் எச்சரிக்கைகள், படங்களுடன், வண்டியிலேயே ஒட்டப்பட்டிருத்தல் சிறப்பு.

பள்ளி ஆசிரியர்களுக்கு இங்கு இரட்டைக் கடமை உள்ளது. பெஞ்சுகளையும் புத்தகக் கட்டுகளையும் மாணவர்களைக்கொண்டு மாடியேற்றும் வழக்கம் பல பள்ளிகளில் இன்னும் மறையவில்லை. வளரும் எலும்பின்மீது இத்தகைய பாரத்தை ஏற்றுவது சேவைப் பயிற்சி ஆகாது. அதை நிறுத்துவது முதற் கடமை. நெம்புகோல், புவியீர்ப்பு மையம், வேலை, திறன் ஆகிய பாடங்களைக் கரும்பலகையோடு நிறுத்தாமல், பள்ளியின் படிக்கட்டையே அளக்கச்செய்து, மேலே கண்ட கணக்குகளை மாணவர்களைக்கொண்டே போடச்செய்வது இரண்டாம் கடமை. நாளை அலுவலராகி ஆள் அனுப்பப்போகிறவரும், தொழிலாளியாகிப் பாரத்தைத் தாங்கப்போகிறவரும் இன்று ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கின்றனர். “இதன் எடை என்ன?” என்று தூக்குமுன் கேட்கும் பழக்கம் இருவருக்கும் அங்கேயே உண்டாகிவிட்டால், யந்திரம் வரும்போது அதை நன்கு பயன்படுத்துவர், வராத இடத்திலும் தூக்கத்தகாததைத் தூக்கமாட்டார்கள், தூக்கச் சொல்லவும் மாட்டார்கள்.