'பழைய கேஸ்' பார்த்து சஸ்பென்ட் பண்ணலாமா? பிளே-ஆஃப் மோதலும் ஓசூர் வாட்ஸ்அப் சண்டையும்

அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 8.30 என்றால் நமக்குக் காலை 6 மணி. ஓசூர் சிப்காட்டுக்கு முதல் ஷிப்ட் பஸ்கள் வந்து சேரும் நேரமும் என்.பி.ஏ. பிளே-ஆஃப் ஆட்டங்கள் சூடுபிடிக்கும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கேட்டுக்குள் போனால் ஃபோனை லாக்கரில் வைக்க வேண்டியவர்கள் முதல் பாதியோடு சரி. அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டி போகிறவர்களுக்கு டிராஃபிக் புண்ணியத்தில் முழு ஆட்டமும் கிடைத்துவிடும்.

இந்த இரண்டு தரப்பும் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் நானும் இருக்கிறேன். ஒவ்வொரு ஏப்ரலிலும் அங்கே ஒரே சண்டைதான். யாராவது ஒருவர் முழங்கையால் இடிப்பார், யாராவது கீழே விழுவார். உடனே "பிளே-ஆஃப்னா அப்படித்தான், கொஞ்சம் விட்டுடணும்" என்று ஒரு கோஷ்டி. "அடிச்சா வெளிய உட்காரணும், அவ்ளோதான்" என்று இன்னொரு கோஷ்டி. இரண்டு பக்கமும் கடைசியில் உதாரணமாக இழுப்பது ஒரே ஆளைத்தான்: டிரேமண்ட் கிரீன்.

அவரை வில்லனாக்கவோ ஹீரோவாக்கவோ இதை எழுதவில்லை. அவர் கதையில் நம் எல்லோருக்கும் சம்பந்தமான ஒரு கேள்வி இருக்கிறது. ஒருவரைத் தண்டிக்கும்போது அவரது பழைய ரெக்கார்டை எப்படிக் கணக்கில் எடுப்பது?

நெஞ்சில் விழுந்த கால்

2023 ஏப்ரல் 17. சாக்ரமென்டோ கிங்ஸ் – கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் முதல் சுற்றின் இரண்டாவது ஆட்டம். நமக்கு அது ஏப்ரல் 18 காலை. நான்காவது குவார்ட்டரில் சுமார் 7 நிமிடம் பாக்கி. கீழே விழுந்த கிங்ஸ் வீரர் டொமாண்டாஸ் சபோனிஸ், கிரீனின் காலைப் பிடிக்கிறார். கிரீன் காலை விடுவித்துக்கொண்டு ஓடும்போது சபோனிஸின் நெஞ்சில் மிதித்துவிட்டுப் போகிறார்.

காலைப் பிடித்த சபோனிஸுக்கு டெக்னிக்கல் ஃபவுல். கிரீனுக்கு 'ஃபிளேக்ரன்ட் 2', அதாவது ஆட்டத்திலிருந்தே வெளியேற்றம். நடுவர்கள் ரீப்ளே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் கிரீன் சும்மா இருக்கவில்லை. நாற்காலி மேல் ஏறி நின்று சாக்ரமென்டோ ரசிகர்களை உசுப்பேற்றிக்கொண்டிருந்தார். வாரியர்ஸ் தோற்றது, தொடரில் 0-2 என்று பின்தங்கியது.

மறுநாளே என்.பி.ஏ. அறிவித்தது: மூன்றாவது ஆட்டத்தில் கிரீன் ஆட முடியாது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, விளையாட்டு உணர்வுக்குப் புறம்பாக நடந்துகொண்ட அவரது பழைய வரலாறு. நம் குரூப் உடைந்தது அந்த ஒரு வரியில்தான்.

(அந்த முடிவை எடுத்த என்.பி.ஏ. அதிகாரி ஜோ டுமார்ஸ். முரட்டு ஆட்டத்துக்கே 'பேட் பாய்ஸ்' என்று பெயர் வாங்கிய டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியில் ஆடி, 1989 ஃபைனல்ஸின் சிறந்த வீரர் விருது வாங்கியவர். அவரே அந்த ரகம் இல்லை, அமைதியான ஆள் என்பார்கள். ஆனாலும் சிரிப்பு வருகிறது, இல்லையா?)

புள்ளிக் கணக்கு என்ன சொல்கிறது?

என்.பி.ஏ.வில் தேவையில்லாத உடல் மோதலுக்கு 'ஃபிளேக்ரன்ட் 1'. தேவையில்லாததாகவும் அளவுக்கு மீறியதாகவும் இருந்தால் 'ஃபிளேக்ரன்ட் 2'. முதலாவதுக்கு 1 புள்ளி, இரண்டாவதுக்கு 2 புள்ளி. பிளே-ஆஃப் தொடங்கும்போது கணக்கு பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். 3 புள்ளி வரை பிரச்சினை இல்லை. 4-வது புள்ளி வந்தால் ஒரு ஆட்டம் தானாகவே சஸ்பென்ஷன்.

ஐ.பி.எல். பார்க்கிறவர்களுக்கு இது புதுசு இல்லை. 2025-ல் லக்னோவின் திக்வேஷ் ராத்தி, விக்கெட் எடுத்ததும் நோட்டில் பெயர் எழுதுவது போலக் கொண்டாடிக்கொண்டே இருந்தார். பஞ்சாப் ஆட்டத்தில் 1 டீமெரிட் புள்ளி, மும்பை ஆட்டத்தில் 2, மே 19 அன்று ஐதராபாத்தின் அபிஷேக் சர்மாவுடன் வாக்குவாதத்தில் இன்னொரு 2. மொத்தம் 5. அடுத்த ஆட்டம் கட். பலருக்கு அது ஓவராகத் தெரிந்தது. ஆனால் "எங்கிருந்து வந்தது இந்தத் தண்டனை?" என்று யாரும் கேட்க முடியவில்லை. கணக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இப்போது சாக்ரமென்டோவுக்குத் திரும்புவோம். அந்த மிதிக்குக் கிரீன் வாங்கியது 2 புள்ளி. தானாக வரும் சஸ்பென்ஷனுக்கு அது போதாது. அதாவது, தண்டனை புள்ளிக் கணக்கிலிருந்து வரவில்லை. அந்தச் செயலின் தீவிரம், அப்புறம் அவர் ரசிகர்களிடம் நடந்துகொண்ட விதம், அதோடு "பழைய வரலாறு" என்று எடை போடப்படாத ஒன்று. எத்தனை வருஷத்து வரலாறு? எந்தெந்தச் சம்பவம்? எவ்வளவு எடை? அறிவிப்பில் அதெல்லாம் இல்லை.

2016: கணக்கு சரி, நியாயம்?

புள்ளிக் கணக்கு இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. இதற்கும் கிரீனே சாட்சி.

2016-ல் வாரியர்ஸ் வழக்கமான சீசனில் 73 ஆட்டங்களை ஜெயித்து சாதனை படைத்த அணி. அந்த பிளே-ஆஃபின் முதல் சுற்றில் ஹூஸ்டனின் மைக்கேல் பீஸ்லியைக் கீழே தள்ளியதற்கு கிரீனுக்கு 1 புள்ளி. மேற்குப் பிரிவு இறுதியில் ஓக்லஹோமா சிட்டியின் ஸ்டீவன் ஆடம்ஸை இடுப்புக்குக் கீழே உதைத்தார். பார்த்தவர்களுக்கே வலித்த உதை அது. ஆட்டத்தில் கொடுத்த ஃபிளேக்ரன்ட் 1-ஐ, மறுநாள் 2 ஆக உயர்த்தினார்கள். 25,000 டாலர் அபராதமும் போட்டார்கள். சஸ்பென்ஷன்? இல்லை. மொத்தம் 3 புள்ளி.

பிறகு ஃபைனல்ஸ். நான்காவது ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் கிளீவ்லாந்தின் லெப்ரான் ஜேம்ஸ், கீழே கிடந்த கிரீனைத் தாண்டிக் கால் வைத்துப் போனார். கடுப்பான கிரீன் கையை வீசினார். உதையோடு ஒப்பிட்டால் இது சின்ன விஷயம். ஆட்டத்தில் அதற்கு ஃபிளேக்ரன்ட் கூடக் கொடுக்கவில்லை. பிறகு வீடியோ பார்த்து ஃபிளேக்ரன்ட் 1 என்றார்கள். 3 + 1 = 4. ஐந்தாவது ஆட்டத்துக்குத் தடை.

அப்போது வாரியர்ஸ் 3-1 என்று முன்னிலை, கோப்பைக்கு ஒரே ஒரு வெற்றி போதும். கிரீன் பக்கத்து பேஸ்பால் ஸ்டேடியத்தில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்க்க, லெப்ரானும் கைரி இர்விங்கும் ஆளுக்கு 41 புள்ளி அடித்தார்கள். கிளீவ்லாந்து அதையும் ஜெயித்து, அடுத்த இரண்டையும் ஜெயித்து கோப்பையைத் தூக்கியது. ஏழாவது ஆட்டத்தில் கிரீன் 32 புள்ளி எடுத்தும் 93-89 என்று தோல்வி.

இங்கே எது இடிக்கிறது என்று பாருங்கள். பெரிய தப்புக்கு அன்றைக்குத் தண்டனை இல்லை, கணக்கில் வரவு வைத்தார்கள். சின்ன தப்பு நடந்த நாளில் மொத்த பில்லையும் நீட்டினார்கள். உதை வாங்கியது ஓக்லஹோமா. பலன் கிடைத்தது கிளீவ்லாந்துக்கு.

இன்னும் மோசமான உதாரணமும் உண்டு. 2007 மே மாதம், நான்காவது ஆட்டத்தின் கடைசி நொடிகளில் சான் அன்டோனியோவின் ராபர்ட் ஹாரி, பீனிக்ஸின் ஸ்டீவ் நாஷை இடித்துத் தள்ளினார். நாஷ் போய் ஸ்கோரர்ஸ் டேபிளில் மோதினார். பெஞ்சில் இருந்த அமாரே ஸ்டௌடமயரும் போரிஸ் டியாவும் பதறி எழுந்து சில அடி முன்னே வந்தார்கள். யாரையும் தொடவில்லை. ஆனால் மோதல் நடக்கும்போது பெஞ்ச் பகுதியைவிட்டு வந்தாலே ஒரு ஆட்டம் தடை என்பது விதி. ஹாரிக்கு இரண்டு ஆட்டம், இவர்கள் இருவருக்கும் ஆளுக்கொன்று. தொடர் 2-2 என்று இருந்த நேரம். அடி வாங்கிய அணி ஐந்தாவது ஆட்டத்தில் இரண்டு முக்கிய வீரர்கள் இல்லாமல் ஆடி 88-85 என்று தோற்றது, பிறகு தொடரையும் இழந்தது. அந்த விதிக்குக் காரணம் இருக்கிறது. பெஞ்ச் மொத்தமும் களத்தில் இறங்கினால் தள்ளுமுள்ளு கலவரமாகிவிடும். ஆனாலும் பீனிக்ஸ் ரசிகர்களிடம் அந்தப் பேச்சை இன்றைக்கு எடுத்தாலும் விடமாட்டார்கள்.

40 கிலோமீட்டர் தள்ளி

என்.பி.ஏ.வை ஒரு விஷயத்தில் பாராட்டலாம்: அடுத்த ஆட்டத்துக்கு முன் முடிவு சொல்லிவிடுகிறார்கள். ஓசூரிலிருந்து சுமார் 40 கி.மீ. தூரத்தில், பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2023 மார்ச் 3, ஐ.எஸ்.எல். கால்பந்து நாக்-அவுட். கூடுதல் நேரத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் தயாராவதற்குள் சுனில் சேத்ரி ஃப்ரீ-கிக்கை அடித்து கோலாக்கினார். "விசில் அடிக்கவே இல்லையே" என்று கோபப்பட்ட பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் அணியைக் களத்தைவிட்டு வெளியே அழைத்துவிட்டார். வெற்றி பெங்களூருவுக்கு.

கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடை, 5 லட்சம் அபராதம் என்று இந்தியக் கால்பந்து கூட்டமைப்பு அறிவித்தது மார்ச் 31-ல். அதற்குள் ஐ.எஸ்.எல். ஃபைனலே முடிந்து இரண்டு வாரம் ஓடிவிட்டது. அந்த நான்கு வாரமும் இரண்டு தரப்பு ரசிகர்களும் ஆன்லைனில் என்னவெல்லாம் பேசிக்கொண்டார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

மெமோ வாங்கியவர்களுக்குத் தெரியும்

நம் குரூப்பில் இந்த விவாதத்தைக் கொஞ்சம் திசை திருப்பியவர் ஒரு ஹெச்.ஆர். நண்பர். "இது எங்க டிபார்ட்மென்ட் மேட்டர்டா" என்றார். அவர் சொன்னது சரிதான்.

1946-ம் ஆண்டு நிலையாணைகள் சட்டத்தின் கீழ் வந்த மாதிரி நிலையாணைகளில், ஒரு தொழிலாளிக்குத் தண்டனை கொடுக்கும்போது தப்பின் தீவிரம், அவருடைய பழைய ரெக்கார்ட், மற்ற சூழ்நிலைகள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று இருந்தது. ஆக, பழைய ரெக்கார்டைப் பார்ப்பது தப்பே இல்லை. அது ஆளுக்குச் சாதகமாகவும் வேலை செய்யும். பதினைந்து வருஷம் சுத்தமாக வேலை பார்த்தவருக்கு முதல் தப்புக்கே வேலை போகக் கூடாது, இல்லையா?

ஆனால் பழைய ரெக்கார்டைப் பயன்படுத்தப் போகிறோம் என்றால் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். மைசூர் அரசு எதிர் மஞ்சே கவுடா வழக்கில் 1963-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான். ஓர் அரசு ஊழியரின் தண்டனைக்கு அவரது கடந்தகால நடத்தையையும் அடிப்படையாக்கினால், அதை நோட்டீஸில் குறிப்பிட்டு, பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். பிற்காலத் தீர்ப்புகளில் இதற்கு விலக்குகள் வந்திருக்கின்றன. தண்டனைக்குக் கூடுதல் எடை சேர்க்க மட்டும் பழைய நடத்தையைப் பார்த்தால் பரவாயில்லை என்றும் சொல்லியிருக்கிறார்கள். இருந்தாலும் அடிப்படை உணர்வு ஷாப் ஃப்ளோரில் எல்லோருக்கும் புரியும். மூணு மெமோ வந்தால் சஸ்பென்ஷன் என்றால் ஓகே. "உன்னப் பத்தி எங்களுக்குத் தெரியும்" என்று சொல்லி சஸ்பென்ட் பண்ணினால் ஓகே இல்லை.

விட்டுடணும் கோஷ்டிக்கு ஒரு பதில்

82 ஆட்டத்தில் ஒன்றை இழப்பதும் அதிகபட்சம் 7 ஆட்டத்தில் ஒன்றை இழப்பதும் ஒன்றல்ல. அதனால் பிளே-ஆஃபில் லீக் கொஞ்சம் கண்டும் காணாமலும் இருக்க வேண்டும் என்பது அந்தக் கோஷ்டியின் வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே கணக்கு மிதி வாங்கியவருக்கும் பொருந்துமே. சபோனிஸுக்கு நெஞ்செலும்புப் பகுதியில் காயம். மூன்றாவது ஆட்டத்தில் ஆடுவாரா என்பதே சந்தேகமாக இருந்தது. அவர் ஆடியிருக்காவிட்டால் கிங்ஸுக்கும் 7-ல் ஒன்று போயிருக்கும், எந்தத் தப்பான அறிவிப்பும் இல்லாமலேயே. (கிரீன் இல்லாமலே வாரியர்ஸ் அந்த ஆட்டத்தை 114-97 என்று ஜெயித்தது. ஏழாவது ஆட்டத்தில் ஸ்டெஃப் கரி 50 அடித்துத் தொடரையும் முடித்தார். அது தனிக் கதை.)

என்னைக் கேட்டால், நெஞ்சில் மிதித்ததற்கு ஒரு ஆட்டம் சரியான தண்டனை. அந்தச் செயல் மட்டுமே அதற்குப் போதும். "வரலாறு" என்ற வார்த்தை தேவைப்படவில்லை. அதைச் சேர்த்ததால்தான், சரியான ஒரு முடிவு ஆள் பார்த்து எடுத்த முடிவு போல ஆகிவிட்டது. பழசையும் சேர்த்துத்தான் தண்டிப்போம் என்றால், எத்தனை சீசன் வரை பின்னோக்கிப் போவோம், எதற்கு எவ்வளவு எடை என்பதை ஏப்ரலுக்கு முன்பே விதிப்புத்தகத்தில் போடட்டும். அதேபோல ஆடம்ஸுக்கு விழுந்த உதை மாதிரியான பெரிய தப்பைப் புள்ளிக் கணக்கில் வரவு வைத்துத் தள்ளிப்போடாமல் அன்றைக்கே முடிக்கட்டும்.

இதைக் குரூப்பில் போட்டேன். முதல் பதில் கிருஷ்ணகிரிக்காரர் ஒருவரிடமிருந்து வந்தது: "சரி, அப்போ அந்த உதைக்கு எத்தனை மேட்ச் குடுத்திருப்ப?"

ரெண்டு என்றேன். "ரெண்டா! பிளே-ஆஃப்லயா?" என்று ஆரம்பித்தார்கள். செகண்ட் ஷிப்ட் தொடங்கும்வரை ஓடியது.