மூணு ஸ்க்ரூ போதும்னு யார் சொன்னது?

போன இதழில் நான் எழுதின மயில் கவிதையைப் படித்துப் பாராட்டிய எல்லோருக்கும் நன்றி. இந்தத் தடவை கவிதை இல்லை, ஒரு சண்டை! அடிதடி இல்லை, கருத்துச் சண்டைதான். பிடிக்காதவங்க பக்கத்தில் இருக்கிற விடுகதைப் பகுதிக்குப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஆகஸ்ட் 15 அன்று நம் மைதானத்தில் விழுந்த விமானத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொடி ஏற்றி, மிட்டாய் கொடுத்து, பேச்சுப் போட்டி முடிந்த பிறகு அறிவியல் மன்றத்தின் ரிமோட் விமானத்தைப் பறக்க விட்டார்கள். ரெண்டு சுற்று நல்லாத்தான் சுற்றியது. மூணாவது சுற்றில் 'டர்ர்ர்'ன்னு ஒரு சத்தம். மூக்கில் இருந்த மோட்டார் பிய்ந்து வயரில் தொங்கியது. விமானம் குட்டிக்கரணம் போட்டு, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பத்தடி தள்ளி விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் அடி படவில்லை. அன்றைக்கே விமானம் தலைமை ஆசிரியர் அறை பீரோவுக்குள் போய்விட்டது. இன்னும் வெளியே வரவில்லை.

அதற்கப்புறம் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்றாங்க. காத்து அதிகமாம். மோட்டார் மட்டமான சரக்காம். எங்க வகுப்பில் ஒருத்தி கண்ணு பட்டுடுச்சுன்னே சொல்கிறாள். மோட்டாருக்கு ஒண்ணும் ஆகலை. பீரோவுக்குள் போகும் முன் கையால் சுற்றிப் பார்த்தேன், வழக்கம்போலத்தான் சுற்றியது. உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். நாலு ஸ்க்ரூ இருக்க வேண்டிய இடத்தில் மூணுதான் இருந்தது. அதை மாட்டியது நானும் என் தோழியும்.

இதைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். நம் விமானம் சன்போர்டு அட்டையில் செய்தது. அட்டையில் ஸ்க்ரூ நிற்காது. அதனால் மூக்கில் 3 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டு ஒன்றைக் குளு கன்னால் ஒட்டியிருக்கிறோம். மோட்டாரின் அடியில் கூட்டல் குறி மாதிரி ஒரு அலுமினியத் தகடு இருக்கும். தகட்டை மோட்டாரோடு சேர்க்க நாலு குட்டி ஸ்க்ரூ. தகட்டைப் பிளைவுட்டில் பிடிக்க நாலு ஸ்க்ரூ. இந்த ரெண்டாவது நாலில்தான் ஒன்று ஆகஸ்ட் 14 சாயங்காலம் கீழே விழுந்து, தரையில் எங்கேயோ உருண்டு போய்விட்டது. பெஞ்சை எல்லாம் நகர்த்தித் தேடினோம். கிடைக்கலை. கடை ரெண்டு கிலோமீட்டர். மணி அஞ்சரை.

பறக்க விடப்போகிற அண்ணாவிடம் போய், "அண்ணா, ஒரு ஸ்க்ரூ இல்லை"ன்னு சொன்னேன். அவர், "ஆட்டோவுக்கே மூணு சக்கரம்தாம்மா, மூணு போதும்"னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இப்பவும் ராத்திரி படுத்தா அந்தச் சிரிப்புதான் ஞாபகம் வருது. அந்த அண்ணா கெட்டவர் இல்லை. எனக்கு சால்டரிங் வைக்கக் கற்றுக் கொடுத்ததே அவர்தான். நானும் ரெண்டாவது தடவை சொல்லியிருக்கணும், சொல்லலை. மறுநாள் விருந்தினர் வந்து உட்கார்ந்த பிறகு வாய் திறக்கவே தைரியம் வரலை.

சரி, ஒரு ஸ்க்ரூ குறைந்தால் அப்படி என்ன ஆகிவிடும்? நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் மோட்டார் 1000 கேவி வகை. அதாவது சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 1000 சுற்று. பேட்டரி 11.1 வோல்ட். அப்படியானால் 11,100 சுற்று. வகுப்பில் ஓடுகிற சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 350 சுற்றுப் பக்கம்தான் வரும்! புரொப்பல்லர் மாட்டினால் காற்றைத் தள்ள வேண்டியிருப்பதால் வேகம் குறையும். 8000 சுற்று என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 133 சுற்று.

இப்போ புரொப்பல்லரின் ஒரு பக்கத்தில், நடுவிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி, காய்ந்த சேறு ஒட்டியிருக்கிறது. எடை ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குதான். அது போகிற வேகம் நொடிக்கு 84 மீட்டர். இயக்கம் பாடத்தில் படித்த மையநோக்கு விசைச் சூத்திரத்தில் போட்டால் 7 நியூட்டன் வருகிறது. முக்கால் கிலோ தக்காளியைக் கட்டித் தொங்க விட்டு இழுக்கிற மாதிரி. அந்த இழுப்பும் ஒரே பக்கம் இல்லை, நொடிக்கு 133 தடவை சுற்றிச் சுற்றி இழுக்கும். மூணு ஸ்க்ரூ இருந்தால், காலியாக இருக்கிற மூலை ஆட ஆரம்பிக்கும். ஆடினால் பக்கத்து ஸ்க்ரூவின் ஓட்டை பெரிதாகும். பிளைவுட்டில் மரை நிற்காமல் போனால் அப்புறம் எவ்வளவு முறுக்கினாலும் சும்மா சுற்றும். ஆகஸ்ட் 15 அன்று கேட்ட 'டர்ர்ர்' இதுதான். காத்தும் இல்லை, கண்ணும் இல்லை.

தலைமை ஆசிரியர் ஐயா, "ஒரு விளையாட்டுச் சாமானுக்காகப் பிள்ளைங்க தலையில விழணுமா?" என்று கேட்டார்கள். பிள்ளைகள் தலையில் விழக் கூடாது என்பதில் நானும் ஐயா பக்கம்தான். ஆனால் விளையாட்டுச் சாமான் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன், மன்னிக்கணும். 1957-ல் இங்கிலாந்தில் டாப்ளின் என்ற ராணுவ அதிகாரி ரேடியோ ராணி என்று அர்த்தம் வருகிற பேர் வைத்த மாதிரி விமானத்தை மின்மோட்டாரில் பறக்க விட்டார். 1973 அக்டோபரில் ஆஸ்திரியாவில் மின்மோட்டாரில் மட்டும் ஓடுகிற விமானம் மனிதனையே ஏற்றிக்கொண்டு பறந்தது. அதற்குப் பின்னால் இருந்த மிலிட்கி என்பவர், அதற்கு முன் மாதிரி விமானங்களுக்கு மின்மோட்டார் பொருத்திப் பார்த்துக்கொண்டு இருந்தவர். 2021-ல் செவ்வாயில் பறந்த இன்ஜெனுவிட்டி வெறும் 1.8 கிலோ. அதுவும் மின்மோட்டார்தான். அஞ்சு தடவை பறந்தால் போதும் என்று அனுப்பினார்கள், 2024 வரைக்கும் 72 தடவை பறந்தது. அங்கே போய் ஸ்க்ரூ முறுக்க ஆள் கிடையாது! இங்கேயே எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். அவர்களில் யாராவது 'மூணு போதும்'னு சொல்லியிருப்பாங்களா?

என் கருத்து இதுதான். நம் மன்றத்தில் பறக்க விடுறவங்களுக்குத்தான் மரியாதை. ரிமோட்டைப் பிடித்தவர் பைலட். அட்டை வெட்டுறவங்க, மோட்டார் மாட்டுறவங்க, துடைத்து வைக்கிறவங்க எல்லாம் உதவியாளர். உதவியாளர் யார் என்று பார்த்தால் நாங்க ஆறு பொண்ணுங்க! எனக்கு ரிமோட் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. (கொடுத்தால் வாங்கிக்கொள்வேன்.) மோட்டாரை மாட்டியவர் 'இன்னைக்கு வேண்டாம்'னு சொன்னால் அன்றைக்குப் பறக்கக் கூடாது. விருந்தினர் வந்திருந்தாலும் சரி, கலெக்டரே வந்திருந்தாலும் சரி. அந்த ஒரு உரிமையைத்தான் கேட்கிறேன். அது ஆறாம் வகுப்புப் பிள்ளையாக இருந்தாலும் சிரிக்காமல் கேட்கணும்.

மாட்டுவது சும்மா வேலை என்று நினைப்பவர்களுக்கு ரெண்டு விஷயம் சொல்கிறேன். ஒன்று, ஸ்க்ரூவின் நீளம். மோட்டாரின் அடியில் போடுகிற ஸ்க்ரூ ரெண்டு மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தாலும் உள்ளே இருக்கிற செப்புக் கம்பிச் சுருளைக் கீறிவிடும். கம்பியின் மேல் இருக்கிற பூச்சு போனால் ஷார்ட், அப்புறம் புகை. நம் மன்றத்தின் முதல் மோட்டார் போனது இப்படித்தான், கிட்டத்தட்ட ஐந்நூறு ரூபாய். ரெண்டாவது, நம் மோட்டார் நேராக இருக்காது. மேலேயிருந்து பார்த்தால் கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்து, கொஞ்சம் கீழே குனிந்து இருக்கும், ரெண்டு மூணு டிகிரிதான். புரொப்பல்லர் சுற்றுகிற சுற்றில் விமானம் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும், அதற்காக வாஷர் வைத்துச் சாய்க்கிறோம். இது தெரியாமல் ஒரு தம்பி, 'கோணலா மாட்டியிருக்காங்கக்கா, நான் நேராக்கிட்டேன்'னு வாஷரை எல்லாம் கழற்றிக் கையில் கொண்டுவந்து கொடுத்தான். பாவம், நல்ல எண்ணம்தான்.

பராமரிப்பும் அப்படித்தான். யாரும் பார்க்காத வேலை. நம் மைதானம் செம்மண். மோட்டாருக்குள் 14 காந்தம் இருக்கிறது. தரையில் பட்டதும் மண்ணில் உள்ள இரும்புத் துகள் மீசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். வாயால் ஊதினால் போகாது, இன்னும் உள்ளேதான் போகும். செல்லோ டேப்பைச் சுருட்டி ஒற்றி எடுக்கணும். கையால் மெதுவாகச் சுற்றும்போது நின்று நின்று போனால் பயப்பட வேண்டாம், அது காந்தம் பிடிப்பது. கரகரன்னு அரைத்தால்தான் பேரிங்கில் மண் என்று அர்த்தம். சுத்தம் செய்து தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. (எங்க அம்மா மெஷினில் இருந்து எடுத்தது. அம்மா இதைப் படிக்க மாட்டாங்கன்னு நம்புகிறேன்.) பறந்து இறங்கியதும் மோட்டாரைத் தொட்டுப் பார்க்கணும். விரல் வைக்க முடியாத சூடு என்றால் புரொப்பல்லர் பெரிது அல்லது காற்று படவில்லை. அதிகச் சூட்டில் காந்தத்தின் சக்தியே குறைந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. மேஜை மேல் வேலை நடக்கும்போது மோட்டாரில் புரொப்பல்லர் இருக்கவே கூடாது. ஜூலையில் என் தோழி மூன்று வயரில் ரெண்டை மாற்றிப் போட்டுச் சுற்றும் திசை சரியா என்று பார்த்துக்கொண்டு இருந்தாள். யாரோ கடந்து போகும்போது புத்தகப் பை ரிமோட் குச்சியில் இடித்து மோட்டார் 'விர்'ரென்று முழு வேகத்தில் சுற்றியது. அவள் விரல் பக்கத்திலேயே இருந்தது. புரொப்பல்லரைக் கழற்றி வைத்திருந்ததால் எல்லோரும் 'ஐயோ'ன்னு கத்தியதோடு முடிந்தது. அந்த விதியை எழுதி ஒட்டியது எங்க அறிவியல் டீச்சர். விதி இருந்த இடத்தில் விரல் தப்பித்தது. ஸ்க்ரூவுக்கு விதி இல்லை, அதனால் விழுந்தது.

அதனால் பீரோவில் பூட்டி வைப்பதும் சரியான வழி என்று எனக்குத் தோன்றவில்லை. பூட்டினால் பத்திரம் என்று நினைக்கிறோம். விமானத்தோடு பேட்டரியும் உள்ளே போய்விட்டது என்பது போன வாரம்தான் எனக்கு உறைத்தது. லிப்போ பேட்டரி அடிபட்டிருந்தால் வீங்கும், தீப்பிடிக்கவும் செய்யும். முழு சார்ஜில் வைக்கவும் கூடாது. ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் பக்கம் வைத்துத்தான் எடுத்து வைக்கணும். அதே பீரோவில்தான் நம் எல்லோருடைய டி.சி. புத்தகமும் இருக்கு! ஓடிப்போய் டீச்சரிடம் சொன்னேன். அன்றைக்கே எடுத்து மணல் வாளியில் வைத்து, வாளியை வெளியே வராந்தா ஓரத்தில் வைத்துவிட்டார்கள். ஒரு மூலை லேசாக வீங்கித்தான் இருந்தது. அந்தப் பேட்டரி இனிமேல் ஆகாது.

நான் கேட்பது நாலு விஷயம். விமானத்துக்கு ஒரு நோட்டு வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஸ்க்ரூ, புரொப்பல்லர், வயர் பார்த்தவர் கையெழுத்துப் போடணும், கையெழுத்து இல்லாமல் பேட்டரி மாட்டக் கூடாது. பார்க்க வருகிறவர்கள் பறக்க விடுபவருக்குப் பின்னால்தான் உட்காரணும், விமானம் அவர்கள் தலைக்கு மேல் வரவே கூடாது. பிளைவுட்டில் இனிமேல் மரத் திருகு வேண்டாம், போல்ட்டும் நட்டும்தான். நாலாவது, பீரோவைத் திறக்கணும்.

போல்ட்டு நாங்களே வாங்கிவிட்டோம். நாலு போல்ட்டு, உள்ளே நைலான் வளையம் வைத்த நாலு நட்டு, எட்டு வாஷர். அந்த நைலான் அதிர்வில் நட்டைக் கழலவிடாது. கூடுதலாக ரெண்டு ரெண்டு வாங்கினோம், உருண்டு போனால் தேட வேண்டாம் பாருங்க. எல்லாம் என் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கு. ஐயா இப்போதே பறக்க அனுமதி தர வேண்டாம். மோட்டாரை மட்டும் மாட்டிக் காட்டுகிறோம். ஐயாவே பிடித்து இழுத்துப் பார்க்கட்டும். வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்தால் மைதானத்தில் தண்ணி கட்டிக்கும், அதுக்கு முன்னாடி ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் கிடைத்தால் போதும்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
அறிவியல் மன்றம் (மோட்டார் மாட்டும் குழு)