தண்ணி சிவந்தா பயம், மீன் செத்தா விதியா?

போன ஞாயித்துக்கிழமை ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசல்ல குப்பைக்கூடை பக்கத்துல அருமையான மரக்கட்டை ஒண்ணு அனாதையா கிடந்துச்சு. மலேசியன் ட்ரிஃப்ட்வுட். கொளத்தூருக்கு நானே கூடப்போய், பேரம் பேசி வாங்கிக் கொடுத்தது!

"ஏங்க தூக்கிப் போட்டீங்க?"

"தண்ணியெல்லாம் டீ கலர் ஆயிடுச்சு சார். விஷம் இறங்குது."

சரின்னு உள்ளே போய் மீன்தொட்டியைப் பார்த்தா, அந்த இடத்துல பளபளன்னு வேற ஒரு கட்டை. பழைய கட்டில் கால். வார்னிஷ் அடிச்சது. பக்கத்துல ஒரு மோலி மூச்சு வாங்கிட்டு நிக்குது.

எனக்கு வந்துச்சே கோபம்! அவர் வீட்டு காபியைக் குடிச்சுட்டு அங்கே கத்த முடியாது. அதனால இங்கே கத்துறேன்.

மக்களே, மீன்தொட்டியில மரம் வைக்கிற விஷயத்துல நாம எல்லாத்தையும் தலைகீழா பண்றோம். ஒண்ணும் பண்ணாததுக்குப் பயப்படுறோம். கொல்றதை ஆசையா உள்ளே வைக்கிறோம்.

முதல்ல அந்த டீ கலர். அது டானின். டீத்தூள்ல இருக்கிற அதே வகை சமாச்சாரம். தென் அமெரிக்காவுல ரியோ நீக்ரோன்னு ஒரு ஆறு, பேருக்கே கருப்பு ஆறுன்னு அர்த்தம். காட்டு இலையும் கட்டையும் ஊறி ஆறு முழுக்கக் கடுங்காப்பி மாதிரி ஓடும். நாம காசு கொடுத்து வாங்குற கார்டினல் டெட்ராவுக்கு அதுதான் பிறந்த வீடு. இன்னும் கிட்ட வாங்க. ஃபைட்டர் வளர்க்கிறவங்க நாட்டு வாதுமை இலையைக் காயவெச்சு தொட்டியில போடுறாங்களே, எதுக்கு? இதே டானினுக்குத்தான். இலையைக் காசு கொடுத்து வாங்குவோம், கட்டையை மட்டும் குப்பையில போடுவோம். என்ன நியாயம் இது?

"பிஹெச் இறங்கிடுமே"ன்னு அடுத்த கேள்வி வரும். நம்ம ஊரு போர் தண்ணியோட கடினத்தன்மைக்கு ஒரு கட்டை வெச்சு பிஹெச்சை இறக்கிக் காட்டுங்க பார்ப்போம். ஆர்.ஓ. தண்ணி மட்டும் ஊத்துறவங்க வேணும்னா கவனிக்கணும். கலர் பிடிக்கலையா, ஃபில்டர்ல கொஞ்சம் ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்க, இல்லைன்னா வாரத்துக்கு ஒருதரம் கொஞ்சம் தண்ணி மாத்துங்க. புதுக் கட்டை மேல பஞ்சு மாதிரி வெள்ளையா படியுமே, அதுக்கும் பதற வேண்டாம். சில வாரத்துல தானா போயிடும். நத்தையும் இறாலும் இருந்தா அதுங்களுக்கு விருந்து.

இப்ப நிஜமான ஆபத்துக்கு வருவோம். இதுல நானும் யோக்கியன் இல்லை.

2016 டிசம்பர்ல வர்தா புயல் அடிச்சப்போ எங்க தெருவுல வேப்பமரம் விழுந்துச்சு. அழகா கிளை பிரிஞ்ச ஒரு துண்டை எடுத்துட்டு வந்தேன். "வேம்புதானே, மருந்து மரம், நல்லதுதான்"னு கழுவி அப்படியே தொட்டியில வெச்சேன். மறுநாள் காலையில பொண்ணு ஓடி வந்து, "அப்பா, பிங்க்கி மேலேயே தூங்குது"ன்னா. பிங்க்கி மட்டும் இல்லை, பதினொரு கப்பியும் மேலேதான் மிதந்துச்சு. பூச்சியைக் கொல்ல வேப்பெண்ணெய் தெளிக்கிறோம்னு தெரியும். அந்தக் கட்டையையே பச்சையா, பால் காயாம 56 லிட்டர் தண்ணிக்குள்ள வைக்கக்கூடாதுன்னு மட்டும் உறைக்கலை. குழந்தைக்கு என்ன பதில் சொல்றது? "புயல்னால"ன்னு பொய் சொன்னேன். இன்னிக்கும் உறுத்துது.

"இயற்கையானது, கெடுதல் இல்லை"ன்னு யாராவது ஆரம்பிச்சா இனிமே நான் சிதம்பரத்தைக் காட்டுவேன். அந்த ஊருக்கே பேர் கொடுத்த தில்லை மரம் பிச்சாவரம் சதுப்புல வளருது. அதோட பால் கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. காக்கைக்கொல்லி விதையைப் போட்டு மீனை மயக்கிப் பிடிச்ச கதையும் நம்ம பக்கம் உண்டு. மரம் செடியில விஷம் இருக்கும்னு நம்ம பாட்டன் பூட்டனுக்குத் தெரிஞ்சிருக்கு. நமக்குத்தான் மறந்துபோச்சு. அரளி, எருக்குன்னு பால் வடியற எதுவும் தொட்டிப் பக்கமே வரக்கூடாது.

"ஆத்துல எல்லா மரமும்தானே விழுது?"ன்னு மடக்குவீங்க. ஆறு ஓடுதுங்க! உங்க தொட்டி ஓடுதா?

அடுத்தது ஓசிக் கட்டைகள். கட்டில் கால், ஜன்னல் சட்டம், பிளைவுட் துண்டு இதுல எல்லாம் பாலிஷ், பசை, பூச்சி மருந்து இருக்கும். பேக்கிங் பெட்டிப் பலகை பெரும்பாலும் பைன், பிசின் உள்ள மரம். கடற்கரையில ஒதுங்கின கட்டை உப்பு குடிச்சிருக்கும். அது படகுத் துண்டா இருந்தா இன்னும் மோசம். அடிப்பாகத்துல பாசி பிடிக்காம இருக்க அடிக்கிற பெயின்ட்ல செம்பு இருக்கும், இறாலும் நத்தையும் அதுல தப்பிக்கிறது கஷ்டம்.

அப்போ எதைத்தான் வைக்கிறது? நான் இப்ப பார்க்கிறது இவ்வளவுதான்:

1. என்ன மரம்னு தெரியணும். தெரியலைன்னா வேண்டாம். கடையில வாங்குறதா இருந்தா மலேசியன், மோபானி மாதிரி பேர் தெரிஞ்சதை வாங்குங்க. ஓசியில வேணும்னா கொய்யாக் கிளை நல்லது.

2. மாசக்கணக்குல காய்ஞ்சு, உள்ளே ஈரம் இல்லாம இருக்கணும். பட்டையை உரிச்சுடணும்.

3. நகத்தால அழுத்திப் பாருங்க. உள்ளே இறங்குச்சுன்னா அது உளுத்த கட்டை. தொட்டியில அழுகி, மீனோட ஆக்சிஜனைத்தான் தின்னும்.

4. பழைய அண்டாவுல ஒரு மணி, ரெண்டு மணி நேரம் கொதிக்கவிட்டு, அப்புறம் ஒரு வாரம் பக்கெட்டுல ஊறவைங்க. தண்ணி பழுப்பானா சந்தோஷப்படுங்க. எண்ணெய்ப் படலமோ அழுகின முட்டை நாத்தமோ வந்தா தூக்கி எறிங்க.

கவனிச்சீங்களா, வேப்பங்கட்டை முதல் ரெண்டுலேயே தோத்திருக்கும். கொதிக்கவெச்சா எல்லாம் சரியாயிடும்னு நினைக்காதீங்க. கிருமி சாகும், வார்னிஷ் சாகாது.

நண்பர் இதைப் படிப்பார்னு தெரியும். சார், கோச்சுக்காதீங்க. கட்டில் காலை இன்னிக்கே வெளியே எடுங்க, பாதித் தண்ணியை மாத்துங்க. குப்பையில கிடந்த கட்டையை நான் வண்டியில போட்டு எடுத்துட்டு வந்துட்டேன். வேணும்னா வந்து வாங்கிக்குங்க. லேட் பண்ணினா என் தொட்டிக்குப் போயிடும், சொல்லிட்டேன்.