கருவறையையும் விட்டுவைக்காத புகை

கருவுற்ற பெண்கள் புகையிலையைத் தவிர்க்க வேண்டும் என்று ஆரம்ப சுகாதார நிலையங்களின் சுவரொட்டிகள் போதிக்கின்றன. போதனையில் பிழையில்லை, அது சென்று சேரும் முகவரியில்தான் பிழை. 2016-17 இல் நடந்த உலக வயதுவந்தோர் புகையிலை ஆய்வின்படி, இந்தியப் பெண்களில் புகைப்போர் 2 விழுக்காட்டினரே. ஆனால் வயதுவந்தோரில் 38.7 விழுக்காட்டினர் பிறர் விடும் புகையை வீட்டுக்குள்ளேயே சுவாசிக்கின்றனர் என்றும் அதே ஆய்வு கூறுகிறது. புகைப்பவன் கணவன்; அறிவுரை மட்டும் மனைவிக்கு!

அந்தப் புகையின் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைச் சுமக்க வேண்டிய ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. நிகோடின் நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவை எட்டுகிறது. எடை குறைந்த பிறப்பு, குறைப்பிரசவம், கருவிலேயே மரணம் ஆகியவற்றின் அபாயம் கூடுகிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டின் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. வறுமை பறித்தது போக எஞ்சிய இரத்தத்தையும் புகை முடக்குகிறது.

பொது இடங்களில் புகைக்கும் தடை 2008 அக்டோபர் 2 முதல் பணியிடங்களையும் உள்ளடக்கி விரிவுபடுத்தப்பட்டது. வீட்டு வாசற்படியோ அதன் எல்லையாக நின்றுவிட்டது. ஒற்றை அறையில் ஐவர் வாழும் தொழிலாளி வீட்டில் கர்ப்பிணி எங்கே விலகிப் போவாள்?

முர்ஷிதாபாத்திலும் நிஜாமாபாத்திலும் அவ்வறையே பீடித் தொழிற்கூடமும் ஆகும். புகையிலைத் தூளை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்ணின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் நிகோடின் உடலில் ஏறுகிறது. புகைக்காமலேயே அவள் புகையிலைக்கு இரையாகிறாள். முதலாளியின் இலாபக் கணக்கில் அது பட்டறை. பொறுப்பு என்று வரும்போது மட்டும் அது அவளுடைய வீடு.

1966 ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கும் மகப்பேறு உரிமையை வழங்கியது. பெயரைப் பதிவேட்டில் ஏற்றாத ஒப்பந்தக்காரர்கள் அவ்வுரிமையை ஏட்டுச் சுரைக்காய் ஆக்கினர். மருத்துவமனைகளுக்கும் கல்வி உதவிக்கும் நிதியளித்து வந்த பீடித் தீர்வையை 2017 இல் ஜிஎஸ்டியைக் காரணம் காட்டி மோடி அரசு ஒழித்தது. பெட்டியில் எச்சரிக்கைப் படம் அச்சிட உத்தரவிடும் இதே அரசின் எல்ஐசி, நாட்டின் மிகப் பெரிய சிகரெட் நிறுவனமான ஐடிசியின் முக்கியப் பங்குதாரராக விளங்குகிறது. ஒரு கையில் எச்சரிக்கை. மறு கையில் ஈவுத்தொகை.

நம் அணிகளிலும் இரண்டு சமாளிப்புகள் உலவுகின்றன. புகைப்பது தனிநபர் பழக்கம் என்பது முதலாவது. மனைவியின் மூச்சிலும் சிசுவின் இரத்தத்திலும் கலப்பது எப்படித் தனிநபர் விவகாரமாகும்? பெண் விடுதலையை மேடையில் முழங்கிவிட்டு வீட்டுக்குள் பீடி பற்றவைப்பவர், ஆணாதிக்கத்தையும் சேர்த்தே பற்றவைக்கிறார்.

புகையிலையை எதிர்த்தால் பீடித் தொழிலாளியின் வயிற்றில் அடிப்பதாகும் என்பது இரண்டாவது. இது முதலாளிகளின் வாதம். நம் வாயில் அதற்கு இடமில்லை. 1966 சட்டத்தை அமல்படுத்த மறுத்த முதலாளிகள் பட்டறைகளை மூடியபோது, கண்ணூர்த் தொழிலாளர்கள் 1969 இல் தினேஷ் பீடிக் கூட்டுறவை எழுப்பினர். பீடிச் சந்தை சுருங்கியதும் அக்கூட்டுறவு உணவுப்பொருள், குடை, ஆடை உற்பத்திக்கு விரிந்தது. அரசின் ஆதரவும் தொழிலாளர் ஒற்றுமையும் இருந்தால் மாற்றுத் தொழில் சாத்தியமே என்பதற்கு இதுவே சான்று.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. வீட்டில் பீடி சுற்றும் ஒவ்வொரு பெண்ணையும் பதிவு செய்! கர்ப்ப காலத்தில் முழு ஊதியத்துடன் புகையிலைத் தூளிலிருந்து விடுப்புக் கொடு! ஒழித்த தீர்வைக்கு ஈடான நிதியை ஒதுக்கு! மாற்றுத் தொழிலுக்குக் கூட்டுறவுக் கடன் வழங்கு!

இவற்றை அரசிடம் போராடித்தான் பெற வேண்டும். கிளைக் கூட்ட அறையிலும் தன் வீட்டிலும் புகைப்பதை நிறுத்த எந்தத் தோழரும் எந்த அரசாணைக்கும் காத்திருக்கத் தேவையில்லை.