கணிப்பொறிக்கும் ஒரு நீர்க்கட்டி வேண்டும்

மதுராந்தகம் ஏரி நிரம்பிவிட்டால் மட்டும் பயிர் நனைந்துவிடாது என்பதை நமது அங்கத்தினர்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மதகைத் திறந்து, முறை பார்த்து, கடைமடை வரையில் நீரைக் கொண்டு சேர்க்க நீர்க்கட்டி ஒருவர் வேண்டும். நமது சங்கங்களுக்கு வந்து சேர்ந்துள்ள கணிப்பொறியின் விஷயமும் இதுவே என்பது எமது திடமான அபிப்பிராயம்.

1904-ஆம் ஆண்டில் திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றிய நாளிலிருந்து, பல தலைமுறைகளாக நமது கணக்குகள் பேரேட்டில் எழுதப்பட்டு வந்தன. நாடெங்குமுள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறி மயமாக்கும் 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. நமது மாநிலத்துச் சங்கங்களும் இதில் சேர்ந்துள்ளன. இதனை நாம் மனமார வரவேற்கிறோம். கணக்கு தெளிவாயிருந்தால் அங்கத்தினரின் நம்பிக்கை வளரும். ஆயினும் யந்திரம் வந்த வேகத்தில், அதனருகே நின்று உதவுவோர் வந்தார்களா?

சொர்ணவாரிப் பட்டத்தின் தொடக்கத்தில் எம் நண்பரான விவசாயி ஒருவர் உரக்கடனுக்காக ஒரு சங்கத்திற்கு மூன்று நாட்கள் நடந்தார். முதல் நாள் யந்திரம் இயங்கவில்லை. இரண்டாம் நாள் எழுத்தர் தொலைபேசியில் உதவி கோரினார்; விளங்காத மொழியில் ஒரு புகார் எண் கிடைத்தது. மூன்றாம் நாள், தம் சொந்த வேலையாக வந்த வாலிபர் ஒருவர், பின்புறம் தளர்ந்திருந்த வடத்தைக் கண்டு அழுத்திச் செருகினார்; வேலை முடிந்தது. பிறகு அவ்விவசாயியின் தேய்ந்த கைரேகையை யந்திரம் ஏற்க மறுத்தது வேறு கதை. பருவம் எவருக்காகவும் காத்திராது. மூன்று நாள் தாமதத்தின் நஷ்டத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

இவ்வுதவியை ஒரு தொழிலாகவே கற்பிக்க வேண்டும் என்கிறோம். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியையே பிரித்துப் போடுவதில்லை. அறுந்த முனையைத் தேடிப் பிடித்து முடிச்சிடுகிறார். அவ்வாறே மின்சாரத்திலா, இணைப்பிலா, மென்பொருளிலா, கடவுச்சொல்லிலா கோளாறு என்று படிப்படியாகத் தேடும் பழக்கம் வேண்டும். எதிரிலிருப்பவர் கூறுவதைப் பொறுமையுடன் கேட்டு, நல்ல தமிழில் விளக்கும் நாவும் வேண்டும். கண்ட கோளாற்றையும் செய்த பரிகாரத்தையும் குறித்து வைத்தால், அடுத்த முறை எழுத்தரே அதைச் சரிசெய்துகொள்வார். எல்லாவற்றிற்கும் மேலாக நாணயம் வேண்டும். பிறர் கடவுச்சொல்லைக் கேட்காமலும், தற்செயலாக அறிந்தால் பயன்படுத்தாமலும் இருப்பவரே இத்தொழிலுக்கு உரியவர். பணம் ஏமாற்றப்பட்டவர் உடனே 1930 என்ற எண்ணுக்கு அறிவிக்கலாம் என்று வழிகாட்டுவதும் அவர் கடமையே.

தொழிற்பயிற்சி நிலையங்களில் கணிப்பொறி இயக்குவோருக்கான ஓராண்டுப் பயிற்சி இருக்கிறது. கூட்டுறவு மேலாண்மைப் பட்டயப் பயிற்சியிலும் கணிப்பொறிக்கு இடமுண்டு. அங்கே யந்திரத்தை இயக்கக் கற்கலாம். யந்திரத்தின் முன் தயங்கி நிற்கும் மனிதருக்கு உதவும் வித்தையைச் சங்கத்தின் வாயிலில்தான் கற்க முடியும்.

செலவுக்கு எங்கே போவது என்று நிர்வாகிகள் கேட்கலாம். 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ், நான்கு ஊழியர்களைக் கொண்ட நிறுவனமும் விரும்பினால் பழகுநரை அமர்த்திக்கொள்ள இடமுண்டு. அவர்களுடைய உதவித்தொகையில் ஒரு பகுதியை மத்திய அரசாங்கம் ஏற்கும் திட்டமும் 2016 முதல் இருந்து வருகிறது. ஒரு சங்கத்தால் இயலாவிடில், அண்டையிலுள்ள சங்கங்கள் கூடிச் செலவைப் பகிர்ந்துகொள்ளட்டும். கூட்டுறவு என்பதன் பொருள் அதுதானே?

பழகியபின் சிறுசேரிக்கோ பரனூருக்கோ போய்விடுவார்கள் என்பது மற்றோர் ஆட்சேபம். போகட்டுமே! அங்குள்ள கம்பெனிகளில் 'ஹெல்ப் டெஸ்க்' என்ற பெயரில் நடப்பதும் இதே வேலைதான். நம் சங்கத்தில் பழகிய அனுபவத்தைக் கொண்டு ஓர் அங்கத்தினரின் மகளோ மகனோ அங்கே நிலைபெற்றால், அது சங்கத்துக்குப் பெருமையே. அவர் விட்டுச்சென்ற இடத்தில் அடுத்தவர் வந்து பழகுவார். அவர் எழுதிவைத்த குறிப்பேடு சங்கத்திலேயே இருக்கும்.

ஆகவே, அங்கத்தினர்கள் அடுத்த பொதுப்பேரவைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டுகிறோம். மேல்நிலைப் படிப்பை முடித்து வீட்டிலிருக்கும் நம் பெண்களுக்கு இதில் முதலிடம் அளித்தல் நலம். யந்திரத்தை வாங்கப் பணம் ஒதுக்கியாயிற்று. அதன் பயன் கடைமடையில் நிற்கும் அங்கத்தினரையும் எட்டச்செய்வது நமது பொறுப்பு.