ஆழொலியும் அடக்கமும்

சென்ற ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்திய மாலை நம் கல்லூரி மண்டபத்தில் நடந்த பாடல் விழாவை அன்பர்கள் மறந்திரார். புதிதாக வாங்கப்பெற்ற சப்வூபர் அன்றுதான் முதன்முதல் முழங்கிற்று. தரை அதிர்ந்தது, சாளரக் கண்ணாடிகள் நடுங்கின, மாணவர் ஆரவாரித்தனர். விழா முடிந்தபின், ஊரிலிருந்து வந்து ஏழாம் வரிசையில் அமர்ந்திருந்த என் பாட்டியார், "ஐயா, இடி இடித்தது கேட்டது, நீங்கள் பாடினது எந்தக் கீர்த்தனை?" என்று வினவினார். கீர்த்தனைகள் பலவற்றைப் புத்தகம் நோக்காமலே பாடவல்லவர் அவர். அவர் அறியாத பாட்டு ஒன்றும் அன்று பாடப்படவில்லை. அக்கருவியை இணைத்த மாணவர் நால்வருள் யானும் ஒருவனாதலின், விடை கூற நாணினேன்.

இப்பொழுது மற்றுமொரு சப்வூபர் வாங்கவேண்டும் என்னும் பேச்சு மாணவரிடையே எழுந்துள்ளது. அது வேண்டுவதில்லை என்பதே என் துணிபு. நமக்குக் குறைவது ஒலியின் வலிமையன்று; இணைப்பின் ஒழுங்கே. காரணங்களை ஒருவாறு கூறுவல்.

மனிதச் செவி வினாடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரையுள்ள ஒலிகளைக் கேட்கவல்லது. இவற்றுள் ஏறத்தாழ 100 அதிர்வுக்குக் கீழ்ப்பட்ட ஆழொலியை எழுப்புவதே சப்வூபரின் தொழில். நம் மண்டபத்திலுள்ளதுபோல், தனக்குரிய ஆம்ப்ளிபயரைத் தன் பெட்டிக்குள்ளேயே உடையது பவர்டு சப்வூபர் எனப்படும். சொல்லின் தெளிவோ மேற்பகுதியில் உள்ளது. வல்லினத்தின் வெடிப்பும், ழகர ளகர வேறுபாடும் 1,000 அதிர்வுக்கு மேற்பட்ட பகுதியையே பெரிதும் சார்ந்தன. தாழ்ந்த ஒலி மிகுந்தால் உயர்ந்த ஒலியைச் செவிக்கு எட்டாதவாறு மறைக்கும். உயர்ந்தது தாழ்ந்ததை அவ்வளவு மறைப்பதில்லை. அமெரிக்காவில் வெகல், லேன் என்னும் அறிஞர் இருவர் 1924-ஆம் ஆண்டிலேயே இதனை அளந்து வெளியிட்டனர். பாட்டியார் கேட்ட இடிக்குப் பின்னால் பாட்டின் சொற்கள் மறைந்து கிடந்தன என்பது இதனால் விளங்கும்.

நாங்கள் செய்த முதற்பிழை கம்பி இழுத்ததில் இருந்தது. மிக்ஸரிலிருந்து சப்வூபருக்கு ஒரு கம்பியும், மேடையின் இருபுறத்து ஒலிபெருக்கிகளுக்கு வேறு கம்பிகளும் தனித்தனியே இழுத்தோம். ஆகவே, சிறிய ஒலிபெருக்கிகளும் தம்மால் இயலாத ஆழொலியை எழுப்ப முயன்று திணறின. அதிர்வெண் பாதியாகக் குறைந்தால், அதே அளவு ஒலி தருவதற்கு ஒலிபெருக்கியின் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டுமன்றோ?

முறையான இணைப்பு வேறு. மிக்ஸரின் இடம், வலம் என்னும் இரு வெளிவாய்களினின்றும் வரும் கம்பிகள் முதற்கண் சப்வூபரின் உள்வாய்களை அடைதல் வேண்டும். அப்பெட்டியின் ஹைபாஸ் வெளிவாய்களினின்று புறப்படும் கம்பிகளே ஒலிபெருக்கிகளுக்குச் செல்லுதல் வேண்டும். உள்ளிருக்கும் கிராஸோவர் என்னும் வடிப்பு, வயலிடை நட்ட எல்லைக்கல் போல நின்று, கீழுள்ளதைப் பெட்டிக்கும் மேலுள்ளதை ஒலிபெருக்கிகளுக்கும் பகிர்ந்தளிக்கும். ஒலி முழுவதையும் அப்படியே கடத்தும் வேறு வெளிவாய்களும் சில பெட்டிகளில் உண்டு. மயங்கி அவற்றில் மாட்டிவிடலாகாது.

இரண்டாவது பிழை இடம்பற்றியது. ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். ஆகலின் 100 அதிர்வுடைய ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர். கேட்போர்க்கு ஒலிபெருக்கிகளைவிடச் சப்வூபர் 1.7 மீட்டர் சேய்மையில் இருந்தால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றொன்று இழுக்கும். எல்லையிலுள்ள ஒலி மெலியும். நாங்கள் பெட்டியை மேடையின் பின்மூலையில் ஒதுக்கினோம். ஒலி மெலியவே, குமிழை இறுதிவரை திருகினோம். மூலைச் சுவர்களோ ஆழொலியை மேலும் பெருக்கின. விளைவு அன்பர்கள் அறிந்ததே.

ஜனவரித் திங்களில் ஒரு மாலை இவற்றைத் திருத்த முயன்றோம். பெட்டியை மூலையினின்று நீக்கி, ஒலிபெருக்கிகளின் வரிசையிலேயே வைத்தோம். 100 அதிர்வுடைய ஒலி ஒன்றை இடையறாது ஒலிக்கவிட்டு, ஒருவர் அவை நடுவே நிற்க, மற்றொருவர் பெட்டியின் பின்னுள்ள ஸ்விச்சை 0 பாகையிலும் 180 பாகையிலும் மாற்றி மாற்றி வைத்தார். எந்நிலையில் ஒலி மிகுந்ததோ அதனையே இசைந்த நிலையாகக் கொண்டோம். பின்னர்ச் சப்வூபரின் ஒலியைச் சுழியினின்று சிறிது சிறிதாக உயர்த்தினோம். பெட்டி இயங்குவது தெரியாமலும், அணைத்தால் மட்டும் ஏதோ குறைந்தது போலவும் தோன்றிய இடத்தில் நிறுத்தினோம். பின்னணி இசையோடு யான் பாடிய பாட்டை ஏழாம் வரிசையில் இருந்த தோழர் எழுதிக் காட்டினார். ஒரு சொல்லும் பிழைபடவில்லை. ஒரு காசும் செலவாகவில்லை.

வீட்டில் இக்கருவி உடையாரும் இதனைக் கருதுதல் நலம். சப்வூபருக்கெனத் தனி வெளிவாய் இல்லாத பழைய ஆம்ப்ளிபயராயின், ஒலிபெருக்கிகளுக்குச் செல்லும் முனைகளினின்றே இன்னும் இரு சோடிக் கம்பிகள் எடுத்துச் சப்வூபரின் 'ஹைலெவல்' உள்வாயில் இணைக்கலாம்; ஒலிபெருக்கிகள் முன்போலவே இருக்கும். அவ்வுள்வாய் மிகச் சிறிய மின்னோட்டமே கொள்வதாதலின் ஆம்ப்ளிபயருக்குச் சுமையில்லை. அம்முனைகளைச் சிறிய 'லைன்' உள்வாயில் மாட்டுவது தவறு. ரீங்காரம் கேட்டால், இரு கருவிகளையும் ஒரே மின்வாயில் இணைத்துப் பார்க்க வேண்டுமேயன்றி, உயிர்காக்கும் எர்த் ஊசியை நீக்கலாகாது.

நிற்க. 'அதிர்ச்சியில்தான் இன்பம்' என்பார் நம்முள் பலர். அதனை யான் முற்றிலும் மறுக்கிலேன். நெஞ்சில் படும் முழக்கத்துக்கும் ஓர் அழகுண்டு. ஆயினும், சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை நினைமின். மாதவி ஆடிய அரங்கில் யாழ் குழலைப் பின்பற்றிற்று. தண்ணுமை யாழைப் பின்பற்றிற்று. முழவோ தண்ணுமைக்குப் பின் வந்தது. பின் வந்தமையால் முழவுக்கு இழுக்கு நேர்ந்ததென்று எவரும் கூறார். முழவு முந்தியிருந்தால் குழலை யார் கேட்டிருப்பர்?

ஆகவே, புதிய பெட்டிக்குப் பணம் திரட்டுமுன், விழாக் குழுவினர் ஒரு மாலைப் பொழுதை உள்ள பெட்டியைச் செப்பஞ்செய்யச் செலவிடுக என வேண்டுகின்றேன். இவ்வாண்டு விழாவிற்கும் வருவதாகப் பாட்டியார் கூறியுள்ளார். இம்முறை அவர் கீர்த்தனையின் பெயரைக் கேளாமல், எங்களோடு சேர்ந்து பாடவேண்டும் என்பதே என் அவா.